பிடுங்கிய பல்லைத் திருப்பிக் கொடுக்கிறவர்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.02.1967

பிள்ளை மெய்லானுக்கு,

வள்ளம் ஓட்டுகிற தண்டல் தம்பு சொல்ல, தேத்தண்ணிக்கடை அலியார் எழுதுவது.

சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. இங்கே சுகமில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். உன்னை நீ என்பதா நீங்கள் என்பதா என்றும் தெரியவில்லை. “மொட்டையடிச்சுத் துறவியாப் போன பிள்ளை, நீங்கள் எண்டு போடுவம் அண்ணை” என்கிறார் அலியார். “யப்பான்காரன் குண்டு போட்ட காலைமை இவளை அரிசிச் சாக்குக்குப் பின்னாலை பொத்திக்கொண்டு கிடந்தவன் நான். நீ எண்டே எழுதும்” என்றேன். அப்போது உனக்கு நாலு வயது. சத்தம் அடங்கினதும், “மாமா, ஆர் கதவைத் தட்டினது?” என்று கேட்டாய்.

உன் அப்பாவின் வலது கால் கறுத்துவிட்டது. தை மாதம் பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. சீனி வருத்தம் உள்ள உடம்பில் அது ஆறவில்லை. இப்போது விரல்கள் கரிக்கட்டையாகக் கிடக்கின்றன. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் தங்கும், விட்டால் நஞ்சு மேலே ஏறும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவர் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.

“லியூ, காலைக் குடுத்திட்டு ஆளா இருமன்” என்றேன். “தம்பு, நான் ஒண்டும் செய்யமாட்டன். ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுதான் என்ர மார்க்கத்திலை பெரிய படிப்பு” என்றார்.

ஒரு சமயம் ஆளைப் படுத்துக் கிடந்து சாகச் சொல்லுமா? நீயும் அதே புத்த மார்க்கத்தில்தானே இருக்கிறாய்? சீனர் என்றால் புத்தசமயம் என்றுதான் இந்த ஊரில் நாங்கள் வைத்திருக்கிறோம். வருடாவருடம் வெசாக் பண்டிகைக்கு அவர் பல்லுப் பிடுங்குகிற கடை வாசலில் நானும் அலியாரும்தான் வெளிச்சக்கூடு கட்டுவோம். அவரும் ஒருநாள் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஆனபடியால் புத்தர் சொன்ன வாக்கில் ஒன்று எடுத்து எழுது, காலை வெட்டக் கொடு என்று வருகிற மாதிரி. நீங்கள் இரண்டு பேரும் ஏன் கதைப்பதில்லை என்று நான் கேட்கவில்லை. கால் முதலில்.

தம்பு மாமா
(பெருவிரல் அடையாளம்)

*

பினாங்கு.
23.02.1967

அன்புள்ள தம்பு மாமாவுக்கும் அலியார் நானாவுக்கும்,

தமிழில் எழுதி ஆறு வருடம். கடிதத்தை மடத்து வாசலில் நின்றபடியே வாசித்தேன். “கறுத்துவிட்டது” என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. அந்தச் சொல் வேறு எதையாவது குறிக்குமோ என்று மறுபடி மறுபடி பார்த்தேன். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா, இன்னொரு அதிர்ச்சியையும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். முப்பது வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்த உங்களுக்கு அப்பா புத்தசமயி இல்லை என்று தெரியாதா? வெசாக் கூட்டை அவர் விட்டுவைத்தது நீங்கள் ஆசையோடு கட்டியதால்தான்.

அவருடையது தாவோ. அதற்கு வழி என்று பொருள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆசையைக் குறை, அமைதியாக இரு என்றுதான் இரண்டும் சொல்லும். உள்ளே போனால் வேறு. சேர்ந்தது எல்லாம் பிரியும், பிடித்துவைக்காதே, துன்பம் அந்தப் பிடியில்தான் இருக்கிறது என்பது நாங்கள் படிப்பது. உலகம் தன்பாட்டில் ஓடுகிறது, முரண்டு பிடித்து அதை இழுக்காதே, அதோடு போ என்பது அப்பா படித்தது. எங்களுக்கு இந்தப் பிறவிச் சுழலில் இருந்து வெளியே வரவேண்டும். அப்பாவுக்கு வெளியே வர ஒன்றுமில்லை, உள்ளேயே நன்றாக இருக்கவேண்டும்.

நாங்கள் சூனியம் என்றால் அவர் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்வார். “ஒண்டுமில்லாத இடத்துக்கு என்ர பிள்ளை போயிட்டாள்” என்று இங்கே இருக்கிற பெரியம்மாவுக்கு எழுதியிருக்கிறார். ஒன்றும் தனியாக நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்தே ஒன்று இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். நானும் குறைந்தவள் இல்லை. “உங்கள் ஆட்கள் மருந்து காய்ச்சிக் குடித்துச் சாகாமல் இருக்கப் பார்க்கிறவர்கள்” என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அப்படித் தேடியவர்களும் இருந்தார்கள். அப்பா அந்த ஆள் இல்லை.

அதனால் புத்தர் பெயரை அவரிடம் எடுக்கவே வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: உடம்பு ஒரு வள்ளம், உழுத்துப்போன பலகையைக் கழற்றினால் வள்ளம் மிஞ்சும். இது நான் எழுதியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மெய்லான்

*

திருகோணமலை,
06.03.1967

பிள்ளை மெய்லானுக்கு,

நாங்கள் பெரிய பிழை விட்டுவிட்டோம். சுடச்சுட எழுதுகிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். உன் கடிதம் வந்ததும் அலியாரைக் கூட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன், அங்கேயே வாசித்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும் என்று. அலியார் தொழுகைக்கு அழைக்கிற குரலில் வாசிக்கிறவர். வார்டு முழுக்கக் கேட்டது. மருந்து காய்ச்சிக் குடிக்கிறது வந்தது, வள்ளமும் பலகையும் வந்தது, “இது நான் எழுதியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்” என்பதும் அதே குரலில் வந்தது.

(அலியார் எழுதுவது: தங்கச்சி, கண்ணுக்கு முன்னால் இருப்பதை வாசிப்பேன், அடுத்த வரியில் என்ன இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மன்னித்துக்கொள்ளுங்கள்.)

உன் அப்பா முழுதையும் கேட்டார். பிறகு சொன்னார்: “தம்பு, அவளின்ரை தலையைப் படத்திலை பாத்தீரா? மொட்டையிலை மூண்டு பொட்டு. நெருப்பு வைச்சுச் சுட்ட பொட்டு. நான் குடுத்த தலை, அவளின்ரை தாய் எண்ணெய் தேய்ச்ச தலை. என்னைக் கேளாமல் சுட்டவள், இப்ப என்ர காலை வெட்டச் சொல்லுறாள். புத்தசமயக்காரருக்கு உடம்பு குப்பை.”

பிள்ளை, உன் படம் ஒன்று வந்ததே எனக்குத் தெரியாது. பல்லு அச்சு வைக்கிற அலுமாரிக்குள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறாராம், ஆறு வருடமாக. நெருப்பு வைத்தார்களா? உண்மையா? உனக்கு நொந்திருக்குமே.

அடுத்த நாள் இன்னொரு கூத்து. கடைப் பின்னறையில் தொங்குகிற படத்தைக் கொண்டுவந்து கட்டிலுக்கு நேரே மாட்டச் சொன்னார். உனக்குத் தெரியும், எருமையில் போகிற தாடிக் கிழவர். முப்பத்தெட்டாம் ஆண்டு நான் முதன்முதல் பல்லுப் பிடுங்கப் போனபோது அந்தப் படத்தைக் கண்டு, எமன் என்று நினைத்து, வாயைப் பொத்திக்கொண்டு கடற்கரைவரைக்கும் ஓடினவன். பிறகு பழகிவிட்டது. வார்டில் கிடக்கிறவர்களுக்குப் பழக்கம் இல்லை என்பதை நான் நினைக்கவில்லை.

ஆணி அடித்து மாட்டிவிட்டுத் திரும்பினேன். எதிர்க்கட்டில் இரத்தினசிங்கத்தார் குடல் இறக்கத்துக்கு வெட்டித் தையல் போட்டுக் கிடந்தவர். மயக்கம் தெளிந்து கண்ணை முழித்தார்.

“ஐயோ, எருமையிலை வந்திட்டான்! ஆரடா அவனை உள்ளுக்கு விட்டது?”

தையலோடு இறங்கி வராந்தாவுக்கு ஓடிவிட்டார். அவருக்குப் பின்னால் நடக்கக்கூடியவர் எல்லாரும். நடக்க ஏலாதவர்கள் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒருவர் தேவாரம் பாடத் தொடங்கினார். மருந்து கட்டுகிற சிங்கள மனிதர் வந்து பார்த்துவிட்டு, “பயப்பட வேணாம், இது சீனாவுடைய புத்தர்” என்று கைகூப்பினார்.

உன் அப்பா கட்டிலில் எழும்பி உட்கார்ந்து கத்தினார். “எமனும் இல்லை, புத்தரும் இல்லை! அது ஒரு வயது போன மனுசன், ஊர் வெறுத்து மேற்கை போறார். அவ்வளவுதான்!”

படத்தை இறக்கி என் வீட்டில் வைத்திருக்கிறேன். டொக்டர் சிரிக்கவில்லை. கணுக்காலுக்கு மேலேயும் நிறம் மாறுகிறது, இந்த மாதம் முடியுமுன் முடிவு சொல்லவேண்டும் என்றார். இவர் “ஒண்டும் செய்யமாட்டன்” என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பிள்ளை, எனக்கு எருமையும் வேண்டாம் மொட்டையும் வேண்டாம். ஆள் வேண்டும்.

தம்பு மாமா
(பெருவிரல் அடையாளம்)

*

பினாங்கு.
15.03.1967

தம்பு மாமா,

அந்தப் படத்தை நான் அனுப்பவில்லை. பெரியம்மா அனுப்பியிருக்கவேண்டும். அப்பா என் தலையைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். ஆறு வருடமாக, நான் வீட்டை விட்டதால்தான் கோபம் என்று நினைத்திருந்தேன். அந்த வரியில் இருந்து நகர எனக்கு ஒரு முழுநாள் சென்றது.

உண்மைதான். துறவு ஏற்ற நாளில் உச்சியில் மூன்று சிறு ஊதுவத்தித் துண்டுகளை வைத்து, அவை தோலில் எரிந்து அணையும்வரை இருந்தோம். புத்தர் அப்படிச் சொல்லவில்லை. சீனத்து மடங்களில் பிற்காலத்தில் வந்த வழக்கம், கொடுத்த வாக்கை மறக்காமல் இருப்பதற்கு ஓர் அடையாளம். உடம்பைக் குப்பை என்று எண்ணிச் செய்ததில்லை. புத்தரே பட்டினி கிடந்து எலும்பாகி, அது வழியில்லை என்று கண்டு, ஒரு பெண் கொடுத்த பாற்சோற்றைச் சாப்பிட்டவர். இதை அப்பாவிடம் யார் சொல்வது?

அப்பாவின் மார்க்கத்தைத் தொடக்கிய அந்த எருமைக் கிழவரைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த சண்டை உங்களுக்குத் தெரியாது. “எங்கட கிழவர் மேற்கை போய் உன்ர புத்தருக்கே படிப்பிச்சவர்” என்பார் அப்பா. அது பழங்காலத்தில் ஒருவரை ஒருவர் மட்டந்தட்டக் கட்டிய கதை. எனக்கு இரத்தம் கொதிக்கும். இங்கே என் மடத்தில் சிலர் அப்பாவின் ஆட்களைத் தாயத்துக் கட்டுகிறவர்கள் என்று சிரித்தபோதும் அதே கொதிப்பு வந்தது. அப்போது நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் மாமா, “ஒன்றும் செய்யமாட்டேன்” என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அப்பாவின் மார்க்கத்தில் அதற்குச் சும்மா கிடப்பது என்று பொருளில்லை. முரண்டு பண்ணிச் செய்யாதே என்று பொருள். அவர் பல்லுப் பிடுங்குவதை நினைத்துப் பாருங்கள். குறட்டால் கவ்வியதும் இழுப்பாரா? மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்து, பல்லு எந்தப் பக்கம் விட்டுக்கொடுக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். “அது வர ஓமெண்ட பக்கம்தான் எடுக்கவேணும்” என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். அதுதான் அவருடைய ஒன்றும் செய்யாமை. அழுகின பல்லை யாருடைய வாயிலாவது விட்டுவைத்தாரா? கேளுங்கள் மாமா. நான் கேட்டதாகவே கேளுங்கள். அவர் மார்க்கத்துக்குப் பின்னால் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது.

மெய்லான்

*

திருகோணமலை,
03.04.1967

பிள்ளைக்கு,

முதலில் இதைக் கேள்: ஆள் இருக்கிறார். கால் போய்விட்டது.

இனி நடந்தது. உன் கடிதத்தை இந்த முறை கடையில் வைத்து வாசித்துக் கேட்டுவிட்டுப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினேன்.

“லியூ, இந்தக் கடைவாய்ப் பல்லை ஏன் பிடுங்கினனீர்? ஒண்டும் செய்யாமல் விட்டிருக்கலாமே.”

“அது அழுகின பல்லு.”

“அப்ப இது என்ன, பூத்த காலோ? நான் கேக்கேல்லை, உம்மட மகள் கேட்டு எழுதியிருக்கிறாள்.”

அதற்கு அவர், “பல்லைப் பிடுங்கினாப்போலை உம்மட்டை என்ன தந்தனான்?” என்று கேட்டார்.

உனக்கு நினைவிருக்கும். யாருக்குப் பிடுங்கினாலும் கழுவி, சிவப்புக் கடதாசியில் மடித்து, “உங்கட சாமான், பத்திரம்” என்று கையில் கொடுத்துவிடுவார். ஊரில் எல்லாரும் சிரிப்போம். வீதி முடக்குத் திரும்பியதும் எறிந்துவிடுவோம். நானும் எறிந்தவன்தான்.

“இவங்கள் என்ர காலைத் தருவாங்களா?” என்றார். “அடுப்பிலை போட்டு எரிப்பாங்கள். தாய் தேப்பன் தந்த உடம்பை முழுசாத்தான் கொண்டுபோய்க் குடுக்கவேணும். என்ர மனுசிக்குப் பக்கத்திலை ஒற்றைக் காலோடை போய்ப் படுத்தால் அவள், மற்றது எங்கை எண்டு கேப்பாள்.”

“இது உம்மட கிழவர் சொன்னதோ?”

“அவர் ஏன் சொல்லுறார்? அவருக்கு உடம்பும் ஒண்டுதான், மண்ணும் ஒண்டுதான். இது எங்கட ஊர்ப் பழக்கம். சமயம் இல்லை.”

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை நாளும் அந்தக் கடலைத் தாண்டி நீயும் இங்கே நானும் புத்தரையும் எருமையையும் பிடித்துக்கொண்டு கிடந்தோம், அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது இதுதானா! “இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, விசர் மனுசா!” என்று கத்தினேன். “கேட்டால் சிரிப்பீங்கள். பல்லுக்கே சிரிச்ச ஆக்கள்” என்றார்.

நான் எழும்பி ஆள் தேடிப் போனேன்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஆனந்தராசா எனக்கு ஒன்றுவிட்ட மருமகன். வெட்டுகிற காலைத் தரச்சொல்லி டொக்டரிடம் போய்ப் பேசினான். டொக்டர் முதலில் அவனுக்குக் காய்ச்சலோ என்று கையைப் பிடித்துப் பார்த்தாராம். பிறகு யோசித்துவிட்டு, சரி, உரியவருக்கே கொடு என்றாராம். அதைக் கேட்டதும் உன் அப்பா ஓம் என்று தலையாட்டினார்.

வெட்டின அன்று நானும் அலியாரும் வெளியே நின்றோம். ஆனந்தராசா பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். பிள்ளை, நாற்பது வருடம் மூதூருக்கு வள்ளம் விட்டவன், கடலில் எத்தனையோ பிரேதம் எடுத்தவன் நான். அந்தத் தகரத்தைப்போல ஒரு பாரத்தைத் தூக்கினதில்லை. அது சூடாக இருந்தது. நண்பனின் காலை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அலியார் தோளில் இருந்த துவாயை எடுத்துத் தகரத்தின்மேல் போர்த்தினார்.

பல்லு அச்சு வைக்கிற மரப்பெட்டிக்குள் வைத்து, சவக்காலையில் உன் அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் தாட்டோம். என்ன ஓதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. “உங்கட சாமான், பத்திரம்” என்று சொல்லி மண் போட்டேன்.

அவர் கண் முழித்ததும் கேட்ட முதல் கேள்வி: “எந்தப் பக்கம் வைச்சனீர்?” வலது பக்கம் என்றேன். திருப்தி. பிறகு சொன்னார்: “அவளுக்கு எழுதும், அவளின்ரை தலை சுட்டது, என்ர கால் போட்டுது. இப்ப இரண்டு பேரையும் சேத்தால்தான் ஒரு முழு ஆள்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அலியார் எழுதும்போது அழுகிறார், நான் இல்லை.

தம்பு மாமா
(பெருவிரல் அடையாளம்)

*

பினாங்கு.
19.04.1967

தம்பு மாமா,

இதோடு ஒரு பொதி வருகிறது. அப்பா கையாலேயே அவிழ்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

பிடித்துவைக்காதே என்று ஆறு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இதை நான் வைத்திருந்தது இங்கே யாருக்கும் தெரியாது. உங்கள் கடிதம் வந்த அன்று என் ஆசிரியையிடம் காட்டிவிட்டேன். ஏச்சு விழும் என்று நின்றேன். “உரியவருக்கு அனுப்பு” என்று மட்டும் சொன்னார்.

கால் கிடக்கிற இடத்திலேயே இதுவும் கிடக்கட்டும்.

மெய்லான்

*

திருகோணமலை,
14.05.1967

பிள்ளை மெய்லானுக்கு,

பொதி வந்தது. உன் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு கம்பில் நடக்கிறார், கடைக் கதிரையில் இருந்தபடி என்னை ஏவுகிறார். எருமைக் கிழவர் பழைய ஆணிக்கே போய்விட்டார்.

பொதியை மேசையில் வைத்து அவரே அவிழ்த்தார். துணிக்குள் துணி. கடைசித் துணியை விரித்ததும் கறுப்பாக ஒன்று வழுகி மேசையால் இறங்கித் தரைவரைக்கும் தொங்கியது. பாம்பு என்று அலியார் பின்னால் பாய்ந்துவிட்டார். நானும் பயந்துதான் போனேன். பிறகு பார்த்தால், பின்னல். உன் ஒற்றைப் பின்னல், நுனியில் சிவப்பு நூல் கட்டினபடி.

உன் அப்பா அதைத் தொடவில்லை. கையை அதற்கு மேலே பிடித்தபடி இருந்தார், சூடு காய்கிறவர் மாதிரி. “எறியேல்லை” என்றார். “தம்பு, எறியேல்லை. வைச்சிருந்திருக்கிறாள்.” திரும்பத் திரும்ப அதுதான். அவர் அழுது நான் பார்த்ததில்லை, உன் அம்மா போன அன்றும் இல்லை. அன்று பார்த்தேன்.

பின்னேரம் சவக்காலைக்குப் போனோம். வரவேண்டாம் என்றாலும் கேட்கவில்லை, கம்பு ஊன்றி மணலில் வந்தார். நான் மண்ணைக் கிண்டினேன். அவர் ஒற்றைக் காலில் என் தோளைப் பிடித்துக் குனிந்து, பின்னலைத் தானே இறக்கினார். சிவப்பு நூலை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்குள் சுவரைப் பார்த்துக் கிடந்த படத்தை எடுக்கச் சொன்னார். எருமைக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொன்னார். இப்போது அந்தக் கிழவர் உன்னைப் பார்த்துத்தான் வருகிறார். பல்லுப் பிடுங்க வருகிற ஆட்கள் எமனும் ஒரு மொட்டைத் துறவியும் என்று இரட்டைப் பயத்தில் வாயைத் திறக்கிறார்கள்.

நேற்று அந்தப் படத்தின் முன்னால் கனநேரம் நின்றார். புத்தரைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். பாற்சோற்றுக் கதையை அலியார் வாசித்துக் காட்டியிருந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, தன் பெயரில் ஒரு கேள்வியை எழுதச் சொன்னார். ஆறு வருடத்தில் அவர் உன்னிடம் கேட்கிற முதல் கேள்வி. அலியாரை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன், ஒரு சொல்லும் கூட்டாமல்:

“அந்த மூண்டு பொட்டும் இப்பவும் நோகுதா, பிள்ளை?”

தம்பு மாமா
(பெருவிரல் அடையாளம்)